நிலவில் துப்பாக்கி வெடிக்குமா?

விடுமுறைக்கு வந்த பேரன் நண்பர்களோடு கூடத்தில் உட்கார்ந்து, பகடை உருட்டி ஒரு விண்வெளி விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். ஆளுக்கொரு வேடம், இவன் நிலவில் இறங்கிய சிப்பாய்.

"தாத்தா, அங்கே துப்பாக்கி வெடிக்குமா?"

காற்றில்லாத இடத்தில் நெருப்பு ஏது? "வெடிக்காது" என்று அடித்துச் சொன்னேன். என்னை நம்பித் துப்பாக்கியைக் கீழே போட்டான். ஆட்டத்தில் அவன் சிப்பாய் செத்துப்போனான்.

இரவு தூக்கம் வரவில்லை. பள்ளியில் பிரெஞ்சில் படித்த ழூல் வெர்ன் ஞாபகம் வந்தார். 1865-இல் வந்த நாவலில், நிலவுக்குக் குண்டு விட அவர் பீரங்கியில் போட்டது வெடிபஞ்சு. இன்றைய தோட்டாவில் இருப்பதும் அதன் வழிவந்த மருந்துதான். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது, வெளிக்காற்று வேண்டாம்.

காலையில் பேரனைக் கூப்பிட்டேன். "நேற்று சொன்னது தப்புடா. நிலவில் வெடிக்கும். ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, தடுக்கக் காற்றும் இல்லை. குண்டு வெகுதூரம் போகும். வெள்ளிக் கிரகத்தில்தான் ஆபத்து. 460 டிகிரி சூட்டில், விசையைத் தொடுமுன்பே தோட்டா தானாக வெடித்துவிடும்."

ஆயுள் முழுக்கக் கோப்பு எழுதியவன் நான். 'என் குறிப்பு தவறு' என்று ஒருநாளும் எழுதியதில்லை. சொல்லிப் பார்த்தால் சுலபமாகத்தான் இருக்கிறது.