பூனைக்கு இறக்கை முளைத்தால்...



இறக்கை முளைத்த பூனை என்று ஒரு படம், ஆறு மாதத்துக்கு ஒரு தரமாவது யாராவது அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "போட்டோஷாப்டா மச்சி" என்று ஒரு வரி அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்தான். ஆனால் எல்லாமே போட்டோஷாப் இல்லை என்பதுதான் இதில் சுவாரசியமான விஷயம். போட்டோவே பரவலாக இல்லாத காலத்திலிருந்து இந்தப் பூனைகள் வந்துகொண்டிருக்கின்றன.

ஹென்றி டேவிட் தோரோவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சட்டமறுப்பு பற்றி அவர் எழுதிய கட்டுரையைக் காந்தி விரும்பிப் படித்தார் என்று வருமே, அவரேதான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்டன் குளக்கரையில் குடிசை போட்டுத் தனியாக வாழ்ந்துவிட்டு, 1854-ல் 'வால்டன்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதில் போகிற போக்கில் ஒரு பூனைக் கதை வருகிறது. பக்கத்து ஊரான லிங்கனில் ஒரு பண்ணை வீட்டில் இறக்கைப் பூனை இருக்கிறது என்று கேள்விப்பட்டு 1842 ஜூனில் மனுஷன் நேரில் பார்க்கப் போகிறார். பூனை வீட்டில் இல்லை. வேட்டைக்குப் போயிருந்ததாம்! ஆனால் வீட்டுக்கார அம்மா விவரமாகச் சொல்லியிருக்கிறார். குளிர்காலம் வந்தால் பூனையின் முடி அடர்ந்து இரண்டு பக்கமும் தட்டையாகப் பட்டைபோல் வளரும். நீளம் 10, 12 அங்குலம், அகலம் இரண்டரை அங்குலம். மேல்பக்கம் தளர்வாக இருக்கும், அடிப்பக்கம் கம்பளி மாதிரி இறுகிக் கிடக்கும். வசந்தம் வந்ததும் உதிர்ந்துவிடும். உதிர்ந்த ஒரு ஜோடி 'இறக்கை'யை தோரோவுக்கே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பத்திரமாக வைத்திருந்த அவர், அதில் சவ்வு போன்ற எதுவும் இல்லை என்றும் எழுதி வைத்தார். அது பறக்கும் அணிலுக்குப் பிறந்ததாக இருக்கும் என்று ஊரில் சிலர் சொன்னார்களாம். ஊர் வாய் எங்கேயும் ஒன்றுதான்.

ஒரு பரபரப்பும் இல்லாமல் எழுதப்பட்ட அந்த ஒரு பத்தியில் பாதி விடை இருக்கிறது. முடி, குளிர்காலம், உதிர்தல் மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1899 நவம்பரில், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வெளியிட்ட அதே லண்டன் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில், சாமர்செட் பகுதியின் விவெலிஸ்கோம்ப் ஊரிலிருந்த இன்னொரு இறக்கைப் பூனையின் படம் வந்தது. முதுகில் முடி மூடிய இரண்டு மடிப்புகள். அதற்குப் பிறகும் இங்கிலாந்தில் அவ்வப்போது இப்படிச் செய்திகள் வந்திருக்கின்றன.

எனக்குப் பிடித்தது 1959-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பைன்வில் என்ற ஊரில் நடந்தது. ஒரு பையனுக்கு இறக்கைப் பூனை ஒன்று கிடைக்கிறது. அதற்கு 'தாமஸ்' என்று பெயர் வைத்தான். பிறகு பார்த்தால் அது பெண் பூனை :-) பூனையைப் பார்க்க வந்தவர்களிடம் தலைக்கு 10 சென்ட் வாங்கியிருக்கிறான். பூனையோடு டிவி நிகழ்ச்சிக்கும் போய் வந்தான். புகழ் வந்ததும் வழக்கும் வந்தது. அது காணாமல்போன என் 'மிட்ஸி' என்று ஒரு பெண்மணி கோர்ட்டுக்குப் போனார். விசாரணை நாளில் பூனையைக் கொண்டுவந்தால் முதுகில் ஒன்றுமே இல்லை! ஜூலையிலேயே இறக்கைகள் உதிர்ந்துவிட்டன என்று சொல்லி, பெட்டியில் போட்டு வைத்திருந்த இரண்டு முடிக் கற்றைகளைக் காட்டினான் பையன். இது என் பூனையே இல்லை என்று அந்தப் பெண்மணி சொல்லிவிட்டார். நீதிபதி அவருக்கு 1 டாலர் நஷ்டஈடு கொடுத்து வழக்கை முடித்துவிட்டார்.

பி.காம். படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இறக்கை இருக்கிறவரைக்கும் பூனை ஒரு சொத்து. இரண்டே மாதத்தில் நூறு சதவீதத் தேய்மானம், மிச்ச மதிப்பு பூஜ்யம். பிசினஸ் லா வகுப்பில் 'நாமினல் டேமேஜஸ்' என்று சொல்லிச் சொல்லிப் புரியாதவர்கள் அந்த 1 டாலரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. 1966-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆல்ஃப்ரெட் என்ற கிராமத்தில் ஒரு கறுப்புப் பூனை மற்ற பூனைகளைத் துரத்தித் தாக்கியது. தாவும்போது இறக்கையை விரித்துத் தரைக்கு மேலே மிதந்து போகிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சுட்டுக் கொன்றுவிட்டார்கள். உடலைப் பரிசோதித்தபோது 'இறக்கை' என்பது சிக்குப் பிடித்த முடிதான் என்று தெரிந்தது. கூடவே அதற்கு வெறிநோயும் இருந்தது. வெறிபிடித்த பூனை கண்மண் தெரியாமல் பாயும். பாயும்போது பக்கத்தில் தொங்கும் கற்றைகள் மேலே எழும்பும். பயந்துபோய்ப் பார்க்கிற கண்ணுக்கு அது பறப்பதாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, நிஜமாகவே இறக்கையாக இருக்க முடியாதா? முடியாது. பறவைக்கும் வௌவாலுக்கும் இறக்கை என்பது தனியாக முளைத்த உறுப்பு இல்லை, அவற்றின் கைகள்தான் இறக்கையாக மாறியிருக்கின்றன. முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு நான்கு கை கால்தான் கணக்கு. நான்கு காலையும் வைத்துக்கொண்டு கூடவே இரண்டு இறக்கை என்றால் அது கோயில் சிற்பத்தில் மட்டும்தான் சாத்தியம். அப்படியே முளைத்தாலும் அதை அடிக்கத் தசை வேண்டுமே. புறாவின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பறக்கும் தசைதான். பூனையின் முதுகில் அதற்கெல்லாம் இடம் எங்கே?

அப்படியென்றால் அந்த இறக்கை என்ன? பெரும்பாலும் தோரோ பார்த்ததுதான். பூனையின் நாக்கு ஒரு சீப்பு. அதிலுள்ள கொக்கி போன்ற முட்கள் அடிமுடிவரை போய் உதிர்ந்ததை வாரி எடுத்துவிடும். நீளமான முடியுள்ள பூனை கிழடாகிவிட்டால், அல்லது குண்டாகி, மூட்டுவலி வந்து, பல் கெட்டுப்போய் உடம்பை வளைத்து நக்க முடியாமல் போனால், உதிர்ந்த முடி அங்கேயே தங்கிவிடும். ஈரமும் உராய்வும் சேரச் சேர, ஆட்டு ரோமம் கம்பளியாக இறுகுவதுபோல அதுவும் இறுகும். நாக்கு எட்டாத இடம் இரண்டு விலாவிலும் ஒரே மாதிரிதான் என்பதால் சிக்கும் ஜோடியாகவே உருவாகும். அதனால்தான் பார்க்க இறக்கை மாதிரி தெரிகிறது. பருவம் மாறி முடி கொட்டும்போது மொத்தமாகக் கழன்று விழும். பைன்வில் பையனின் பெட்டிக்குள் இருந்தது இதுதான்.

ஆனால் குட்டை முடியுள்ள பூனைகளுக்கும் இறக்கை வந்ததாகச் செய்திகள் இருக்கின்றனவே? அங்கேதான் இரண்டாவது விளக்கம் வருகிறது. தோலுக்கு உறுதி கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். பிறவியிலேயே அதில் கோளாறு இருந்தால் தோல் ரப்பர் மாதிரி இழுபடும், ஈரக் காகிதம் மாதிரி கிழியும். மனிதர்களுக்கு வரும் எஹ்லர்ஸ்-டான்லோஸ் நோயின் பூனை வடிவம் இது. சில பூனைகளில் ஐந்தாம் வகை கொலாஜனுக்கான மரபணுவிலேயே பிழை இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கேயாவது உரசினாலோ சொறிந்தாலோ முதுகுத் தோல் நீண்டு மடிந்து தொங்கும். இறக்கைப் பூனைகளுக்கு இதுவும் காரணம் என்று 1990களில் எடுத்துச் சொன்னவர் பிரிட்டிஷ் விலங்கியலாளர் கார்ல் ஷூக்கர். பூனையின் முதுகைத் தொட்டால் தோல் மட்டும் வெடுக்கென்று துடிக்குமே, அந்தத் தோலடித் தசை மடிப்புக்குள்ளும் கொஞ்சம் இருந்தால் 'இறக்கை' அசையவும் செய்யும். பார்த்தவர் மிரளாமல் என்ன செய்வார்!

இதைக் கண்டுபிடிக்க மருத்துவர்களிடம் ஒரு ரேஷியோ இருக்கிறது. (நமக்கு ரேஷியோ என்றால் உயிராச்சே.) முதுகுத் தோலை மேலே தூக்கி, மடிப்பின் உயரத்தை அளந்து, தலையின் பின்பக்கத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரையுள்ள நீளத்தால் வகுக்க வேண்டும். 19 சதவீதத்துக்கு மேல் போனால் சந்தேகப்படலாம். அதாவது 30 செ.மீ. நீளமுள்ள முதுகில் மடிப்பு 5.7 செ.மீ.க்கு மேல் எழும்பக் கூடாது.

அரிதாக மூன்றாவது ஒன்றும் உண்டு. கருவிலேயே ஏற்படும் குறையால் முதுகில் கூடுதலாக ஒரு கால் முளைத்து, உயிரில்லாமல் தொங்குவது. அதை அதிகம் நீட்ட எனக்கு மனமில்லை.

2007-ல் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் சியான்யாங் நகரத்து ஆண் பூனை ஒன்றுக்கு இறக்கை முளைத்ததாக உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. முதலில் இரண்டு சின்னப் புடைப்புகள், ஒரே மாதத்தில் இறக்கை. பெண் பூனைகளின் தொல்லை தாங்காமல்தான் இப்படி முளைத்தது என்பது அந்த வீட்டுப் பாட்டியின் விளக்கம். பார்த்தவர்கள் அதிசயம் என்றார்கள், அழகு என்றார்கள். வலிக்கிறதா என்று கேட்டவர் யாரும் அந்தச் செய்திகளில் என் கண்ணில் படவில்லை. சிக்கு முடி ஒவ்வொரு அடிக்கும் தோலைச் சுண்டி இழுக்கும். அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும், தெள்ளுப்பூச்சி குடியேறும். அடுத்த முறை அந்தப் படம் வந்தால், பறக்குமா என்று கேட்பதற்கு முன்னால் அந்தப் பூனையின் வயதையும் பல்லையும் கொஞ்சம் விசாரியுங்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒன்று இருந்தால் கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். சிக்கோடு தோலும் சேர்ந்து மேலே எழும்பியிருக்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். கால்நடை மருத்துவர் மெஷின் வைத்து மழித்துவிடுவார். மழிப்பதற்கு முன் அந்த 19 சதவீதக் கணக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது வகைப் பூனையாக இருந்தால், இழுக்கிற இழுப்பில் 'இறக்கை'யோடு தோலும் கையோடு வந்துவிடும்.