முக்கால் அடை மூடட்டும்

நெற்கதிரில் தேன் கிடையாது. பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர் அது. தேனீயைக் கூப்பிட அதற்கு அவசியமில்லை. முற்பகலில் நெற்பூ திறந்திருக்கும் கொஞ்ச நேரத்தில் தேனீக்கள் வந்து மகரந்தத்தை மட்டும் காலில் திரட்டிக்கொண்டு போகும். அதனால் திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் எங்கள் கடையைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறவர்கள், இரண்டு பக்கமும் வயலாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல ஏதுங்க தேனு?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். அதற்குச் சரியான பதில் சொல்லத் தெரிய எனக்கு ஒரு வருடச் சுற்று தேவைப்பட்டது.

கடை என் மாமாவுடையது. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தென்னந்தோப்பின் முகப்பில் கீற்றுக் கொட்டகை, ஒரு மேசை, அதன்மேல் கண்ணாடிப் பாட்டில்கள். தேனீப் பெட்டிகள் தோப்புக்குள் நிழலில் இருக்கின்றன. மாமா இளவயதில் மார்த்தாண்டம் போய்த் தொழில் படித்தவர். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்எம்சிஏ கிராமப்பணி மையம் வழியாகக் குடிசைத் தொழிலாகத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்த ஊர் அது. அங்கே ரப்பர் மரம் இலை துளிர்க்கும் காலத்தில் இலைக்காம்பிலேயே தேன் சுரக்கும். பெட்டிகள் நிரம்பி வழியும். "அங்க தேனீ வளக்குறது சுலபம். இங்கதான் பூவைத் தேடணும், ஆயி" என்பார் மாமா. கல்லூரி முடித்து வீட்டிலிருந்த வருடத்தில் அவரிடம் சேர்ந்தேன். முதலில் பெட்டியைத் தொடவே விடவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, எந்த வாரம் எந்தப் பூ என்று எழுதச் சொன்னார்.

அந்த நோட்டுதான் நான் மேலே சொன்ன கேள்விக்கு விடை. தென்னை எங்களுக்கு வருடம் முழுக்கச் சோறு போடுகிறது. காய்க்கிற மரம் மாதம் ஒரு பாளை வெடிக்கும், தோப்பில் ஏதாவது ஒரு மரத்தில் எப்போதும் பூ இருக்கும். தை மாதம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பார்கள். அறுப்பு முடிந்த தாளடியில் அது முளைத்து மாசியில் மஞ்சளாகப் பூக்கும். பங்குனியில் வேம்பு, அதை ஒட்டிப் புங்கு, நாவல், பிறகு புளி. கோடையில் எள் போட்டவர்கள் வயல். வாய்க்கால் கரையிலும் கடலை ஒட்டிய தரிசிலும் நிற்கிற சீமைக்கருவேலம். ஊரே வெட்ட வேண்டும் என்று சொல்கிற மரம்தான், ஆனால் தென்னையைத் தவிர வேறு பூ இல்லாத நாளில் எங்கள் தேனீக்கள் போவது அங்கேதான். அந்த மரத்தை ஆதரித்து நான் பேச வரவில்லை; நிலத்தடி நீருக்கு அது செய்வது எனக்கும் தெரியும். நோட்டில் எழுதியிருப்பதைச் சொல்கிறேன்.

ஆக எங்கள் தேன் ஒற்றைப் பூத் தேன் அல்ல. மாசித் தேன் வெளிர்நிறமாக இருக்கும், சித்திரையில் எடுப்பது கருத்து, லேசான கசப்போடு வரும். இரண்டும் ஒரே மாதிரி இல்லையே என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. வருடம் முழுக்க ஒரே நிறம், ஒரே ருசி என்று ஒரு சின்னத் தோப்பில் கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நாங்கள் வளர்ப்பது அடுக்குத்தேனீ, இந்தியத் தேனீ என்கிறார்களே, அது. பெட்டி நியூட்டன் பெட்டி. 1910களில் தமிழ்நாட்டில் இருந்த நியூட்டன் பாதிரியார் நம்மூர்த் தேனீயின் அளவுக்கு வடிவமைத்துக் கொடுத்தது. கீழே புழு அறை, மேலே தேன் அறை. புழு அறையில் ராணியும் முட்டையும் குஞ்சும். அதில் உள்ள தேன் அவற்றின் சாப்பாடு, நாம் கை வைக்கக் கூடாது. மேல் அறையில் மிச்சம் வைப்பதுதான் நமக்கு. நல்ல வருடத்தில் எங்கள் ஊரில் ஒரு பெட்டிக்கு ஐந்தாறு கிலோ தேறினால் மாமா திருப்திப்படுவார்.

கூட்டம் பிடிக்கப் போனது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பழைய வீட்டுச் சுவர்ப் பொந்தில், மரப் பொந்தில் தேனீ இருக்கிறது என்று யாராவது சொல்லியனுப்புவார்கள். பொழுது சாயும் நேரம் போவோம். தென்னை நார் போட்டுப் புகைப்பானை மூட்டி, மெல்லிய புகை மட்டும் காட்ட வேண்டும். அடையை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்து, குஞ்சு இருக்கும் பகுதியைச் சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்டுவது என் வேலை. நார் ஈரமாக இருக்க வேண்டும், இறுக்கினால் அடை நசுங்கும், தளர்ந்தால் இரவே விழுந்துவிடும். சில நாளில் தேனீக்கள் மெழுகு வைத்து அடையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டு, நாரைக் கடித்துக் கடித்து வாசலுக்கு வெளியே தள்ளிவிடும். வாசலில் நார்த்துணுக்கு கிடந்தால் கூட்டம் பெட்டியை ஏற்றுக்கொண்டது என்று பொருள். ராணி வந்துவிட்டதா என்று மாமா பதறாமல் பார்ப்பார். ராணி பெட்டிக்குள் போய்விட்டால் மற்றவை தாமாக வரிசையாக உள்ளே நடக்கும்.

கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் வழித்துவிட வேண்டும். தாமதித்தால் விஷப்பையில் உள்ள மிச்சமும் உள்ளே இறங்கும். தேனீ கொட்டும்போது விடும் எச்சரிக்கை வாசனை வாழைப்பழ வாசனையை ஒத்தது. பழம் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியடிக்குப் போகக் கூடாது என்பது தோப்பில் சட்டம்.

தேன் எடுப்பதில் மாமா என்னை நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. தேன் அறை நிறைந்துவிட்டது, கண்கண்ணாக மின்னுகிறது, எடுக்கலாம் என்று கை பரபரக்கும். "பொறு ஆயி. முக்கால் அடை மூடட்டும்." பூவிலிருந்து வரும்போது அது பாதிக்கு மேல் தண்ணீர். தேனீக்கள் வாயிலிருந்து வாய்க்கு மாற்றி, அடையின் கண்ணறைகளில் பரப்பி, சிறகால் விசிறி நீரை வற்ற வைக்கின்றன. போதுமான அளவு வற்றியதும் மெழுகால் மூடி போட்டுவிடும். அந்த மூடிதான் பக்குவத்துக்கு அடையாளம். தேனில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதி. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், இந்தியத் தேனீயின் தேனும் இயல்பாகக் கொஞ்சம் நீர்ப்பாக இருக்கும்; எங்களுக்கு அந்த எல்லை நெருக்கமானது. மாமாவிடம் கையடக்கமான ஒளிவிலகல்மானி இருக்கிறது. ஒரு துளி வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். மூடாத தேனை எடுத்தால் பாட்டிலில் நுரைத்துப் புளித்து மூடியைத் தள்ளும்.

மூடிய சட்டங்களை மட்டும் எடுத்து, சுடுநீரில் நனைத்த கத்தியால் மூடியைச் சீவி, கையால் சுற்றும் தேனெடுக்கும் கருவியில் வைத்துச் சுழற்றுவோம். தேன் தெறித்து இறங்கும், அடை உடையாமல் மறுபடி பெட்டிக்குப் போகும். ஒரு கிலோ மெழுகு சுரக்க தேனீக்கள் ஆறேழு கிலோ தேனைச் செலவழிக்கும் என்பார்கள். அடையோடு பிழிந்து எடுப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று இதில் புரியும். அதோடு பிழிந்த தேனில் புழுவும் மகரந்தமும் கலந்து சீக்கிரம் கெடும்.

இனி விற்பனை. பாதிக் கல்வி எனக்கு மேசைக்குப் பின்னால்தான் கிடைத்தது.

திருக்கடையூருக்கு வருகிறவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அறுபது முடிந்த தம்பதிகள், எண்பது முடிந்தவர்கள், கூடவே பிள்ளைகள், பேரன் பேத்திகள். அமிர்தகடேஸ்வரருக்கு அபிஷேகத்துக்குத் தேன் வேண்டும் என்று போகும்போது சின்னப் பாட்டில் வாங்குவார்கள். திரும்பும்போது வீட்டுக்கு வாங்க நிற்பார்கள். அப்போதுதான் சோதனைகள் நடக்கும். ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு விடுவார். கரையாமல் அடியில் இறங்கினால் அசல் என்பார். கெட்டியான எந்தப் பாகும் அப்படித்தான் இறங்கும். இன்னொருவர், நல்ல தேனுக்கு எறும்பு வராது என்பார். மாமா பேசாமல் அவரைத் தோப்புக்குள் அழைத்துப் போய்ப் பெட்டியின் காலைக் காட்டுவார். ஒவ்வொரு காலும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிற்கும். எறும்பு வராதென்றால் இந்தக் கிண்ணம் எதற்கு? தேன் உறைந்தால் சர்க்கரை கலப்படம் என்பது மூன்றாவது. தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாவது இயல்பு. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதுதான் கெடுதல்.

வீட்டுச் சோதனையால் கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். 2020 டிசம்பரில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், சோதித்த தேன் மாதிரிகளில் 77 விழுக்காட்டில் சர்க்கரைப் பாகு கலந்திருந்தது. அந்தப் பாகில் அரிசியிலிருந்து காய்ச்சியதும் உண்டு. கரும்பும் மக்காச்சோளமும் கார்பனை ஏற்கும் விதம் ஒன்று. நெல்லும் பெரும்பாலான பூமரங்களும் ஏற்கும் விதம் வேறு. அதனால் கரும்புச் சர்க்கரையைப் பிடிக்கும் ஆய்வகச் சோதனையில் அரிசிப் பாகு தப்பிவிடும். நெல் விளைவிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆய்வகத்துக்கே இவ்வளவு சிரமம் என்றால் ஒரு டம்ளர் தண்ணீர் என்ன சொல்லிவிடும்?

ஆகவே எங்கள் கடையில் நாங்கள் தருவது கேள்விக்குப் பதில். பெட்டியைப் பார்க்கலாமா என்றால் பார்க்கலாம். எந்த மாதம் எடுத்தது என்று பாட்டிலில் எழுதியிருக்கும். சர்க்கரை கொடுப்பீர்களா என்று கேட்டால், கொடுப்போம் என்றே சொல்ல வேண்டும் என்பது மாமாவின் கண்டிப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேனீ வெளியே போக முடியாது. சர்க்கரைக் கரைசல் வைக்காவிட்டால் கூட்டம் பட்டினியில் பெட்டியை விட்டு ஓடிவிடும். அந்தக் காலத்தில் தேன் அறையை எடுத்துவிடுவோம், மழை முடிந்து பூ வந்து கரைசலை நிறுத்திய பிறகே திரும்ப வைப்போம். இதைக் கேட்டதும் வாங்காமல் போனவர்கள் உண்டு. சர்க்கரையே காட்டுவதில்லை என்று சத்தியம் செய்கிற கடையைத் தேடிப் போவார்கள். போகட்டும் என்று விட மாமாவுக்கு மனம் இருக்கிறது. அந்த மனம்தான் நான் அவரிடம் எடுத்துக்கொண்ட பெரிய சொத்து.

எடை விஷயமும் சொல்ல வேண்டும். தேன் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனம். ஒரு கிலோ தேன் சுமார் 700 மில்லிதான். லிட்டர் விலையா, கிலோ விலையா என்று கேட்காமல் சாலையோரத்தில் தேன் வாங்காதீர்கள்.

அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற குடும்பத்தில் ஒரு கைக்குழந்தையாவது இருக்கும். "பேரனுக்குச் சேனை தொட்டு வைக்கணும், கொஞ்சம் நல்லதா குடும்மா" என்று பாட்டி கேட்பார். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரியின் விதை பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பிஞ்சுக் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்கும். எவ்வளவு சுத்தமான தேனானாலும் இது பொருந்தும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வைத்ததுதானே என்பார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன், "பெரியம்மா, உங்களுக்கு வாங்கிக்குங்க, பிள்ளைக்கு வேணாம்." தாத்தாக்கள் கேட்பது வேறு: சுகர் இருக்கிறது, தேன் சேருமா? தேனும் சர்க்கரைதான், உங்கள் டாக்டரைக் கேளுங்கள் என்பதே எங்கள் பதில். மருந்து என்று சொல்லி விற்றால் இரண்டு பாட்டில் கூடப் போகும். மாமா கடையில் அது நடக்காது.

இப்போது என் பெயரில் சில பெட்டிகள் இருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் கூட்டங்களை அழித்ததை மாமா கண்ணால் பார்த்தவர். வாரம் ஒருமுறை புழு அறையைத் திறந்து குஞ்சைப் பார்க்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு அதைவிடக் கவலை மாசி மாத மருந்தடிப்பு. உளுந்தில் மஞ்சள் தேமல் வந்தால், அதைப் பரப்பும் வெள்ளை ஈக்கு மருந்து அடிப்பார்கள். அதில் பயன்படும் இமிடாகுளோபிரிட், தயமீதாக்சம் ஆகியவற்றைத் திறந்தவெளி வயல்களில் அடிக்க 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது, தேனீக்களுக்காக. இங்கே அதை அடிக்காதீர்கள் என்று விளைச்சலை நம்பி இருக்கிறவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? அடிக்கும் நாளை முதல் நாள் சொல்லுங்கள், பூத்திருக்கும்போது காலையில் அடிக்காமல் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அடியுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கிறேன். அந்த நேரம் தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பியிருக்கும். மறுநாள் முற்பகல்வரை நான் வாசலை வலையால் மூடி வைத்துக்கொள்வேன். தோப்பை ஒட்டிய வயல்காரர்களில் பலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குத்தகைக்கு எடுத்திருப்பவர் வெளியூர்க்காரர். விதை தெளிக்க வரும்போது அவரைப் பார்த்துப் பேச வேண்டும்.