சிவப்புக் கைபிடி

உட்துறைமுக வீதியில் எங்கள் மாதர் கூட்டம் நடக்கும் நாட்களில் முதலில் வந்து பாய் விரிப்பவர் அந்த அக்காதான். அன்று அவரைக் காணவில்லை. வீட்டுக்குப் போனேன். வலது கையில் முழங்கை வரை துணிக்கட்டு. அவர் வேலை செய்யும் விடுதியின் குசினியில் ரோல்ஸ் பொரிக்கும்போது தாச்சி எண்ணெயில் தீப் பற்றிவிட்டதாம்.

"தண்ணி ஊத்தினனான் மிஸ். வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல."

எரியும் எண்ணெயில் விழும் தண்ணீர் அடியில் இறங்கிக் கணத்தில் நீராவியாகி, அந்த எண்ணெயையே மேலே வாரி வீசும். காஸைப் பூட்டிவிட்டு மூடியால் மூடியிருக்க வேண்டும். இதை அவருக்கு யாருமே சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் "கவனமில்லாமல் நின்றாய்" என்று முதலாளி அரை மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்.

சம்பளத்தைப் பற்றிப் பேசப் போன நான் குசினியையும் பார்த்தேன். அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் கூடு. அதற்குள் குழாய்கள். சுவரில் ஒரு சிவப்புக் கைபிடி. தீயணைக்கும் சாதனம் அங்கேயேதான் இருந்தது! கைபிடியை மறைத்து மா மூட்டைகள் அடுக்கியிருந்தன. தொங்கிய அட்டையில் கடைசியாகச் சேர்விஸ் செய்த திகதி மூன்று வருடம் பழையது.

சமூகவியல் படித்த எனக்கு இது விளங்கவில்லை. இத்தொழில் தெரிந்த தம்பி ஒருவரைக் கேட்டேன். கூட்டுக்குள் இருக்கும் சிறு உலோக இணைப்பு தீயின் சூட்டில் உருகி அறுந்தால், இழுபட்டு நிற்கும் கம்பி தளரும். உடனே காஸ் தானாகப் பூட்டப்படும். குழாய்வழியே திரவம் பீறிட்டு அடுப்பின்மேல் விழும். அந்தப் பொற்றாசியக் கரைசல் கொதிக்கும் எண்ணெயோடு சேர்ந்து சவர்க்கார நுரையாகித் தீயை மூடிவிடும். எங்கள் கூட்டத்தில் சவர்க்காரம் காய்ச்சப் பழகினோமே, அதே இரசாயனம்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்விஸ் செய்ய வேண்டுமாம். இந்தக் குசினியிலோ உலோக இணைப்பின்மேல் எண்ணெய்ப் பிசுக்கு தடித்துக் கிடந்தது. அப்படியானால் அது உருகவே சுணங்கும். குழாய் வாய்களுக்கு மூடியில்லை; உள்ளே கொழுப்பு அடைத்திருந்தது.

கும்பகோணம் நினைவுக்கு வந்தது. 2004 ஜூலை 16ஆம் திகதி பாடசாலைச் சமையற்கூடத்தில் மூண்ட தீ, கீற்றுக் கூரையில் தாவி 94 பிள்ளைகளைப் பலிகொண்டது. 2014இல் நீதிமன்றம் தண்டித்தவர்களில் சமைத்த பெண்ணும் ஒருவர். அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

பல நாள் நடந்து பேசியபின் முதலாளி சேர்விசுக்குச் சம்மதித்தார். இந்த வேலை பெண்கள் வீடு போனபின் இரவில்தான் நடப்பதாம். முதலாளி கையெழுத்து வைத்தால் முடிந்தது. பின்நேரம் மூன்று மணிக்கு, அடுப்படிப் பெண்கள் நிற்கும்போதே செய்யுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். தம்பி இணைப்பை மாற்றினார், குழாய் வாய்களைத் துப்புரவாக்கி மூடியிட்டார், அழுத்தமானியைப் பார்த்தார். திரவம் பாயாதபடி செய்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"ஊசியைக் கழட்டிப்போட்டு இழுங்கோ அக்கா."

அக்கா இடது கையால் இழுத்தார். 'டக்' என்று காஸ் வால்வு பூட்டிக்கொண்டது.

"இவ்வளவுதானா?" என்றார். பிறகு யாரும் சொல்லாமலே மா மூட்டைகளைக் களஞ்சிய அறைக்கு இழுக்கத் தொடங்கினார். நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

பிடித்த சம்பளம் இன்னும் வரவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை இருவருமாகத் தொழில் திணைக்களத்துக்குப் போகிறோம். அந்தப் பழைய அட்டையின் படத்தையும் கொண்டுபோகிறேன்.