பெரியப்பா குடிக்கவில்லை

சென்னையிலிருந்து ரயிலில் திருச்சிக்குப் போனவர்கள் விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டியிருப்பீர்கள். அகல் விளக்கு, பொம்மை, ஃப்யூஸ் கேரியர் என்று பீங்கானுக்குப் பேர்போன ஊர். என் பெரியப்பா அங்கே 30 வருஷம் சூளையில் வேலை பார்த்தவர். டீயைத் தவிர வேறு எதையும் குடித்தறியாதவர்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி அவருக்கு மேல்வயிற்றில் வலி. முதுகு வரைக்கும் பாய்ந்தது. குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தேவலை. ரத்தத்தில் லைபேஸ் எகிறியிருந்தது. கணைய அழற்சி. சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் சாறு, கணையத்தையே செரிக்க ஆரம்பித்துவிடும் வியாதி.

டாக்டரின் முதல் கேள்வி, "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"குடிக்கிறதில்லைங்க."

நம்பவில்லை. மறுநாள் பெரியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மூன்றாம் நாள் பெரியம்மாவே அவரை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வலியைவிட அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

டாக்டரையும் குறை சொல்ல முடியாது. இந்த வியாதிக்குப் பெரும்பாலும் காரணம் பித்தப்பைக் கல், இல்லாவிட்டால் மது. ஸ்கேனில் கல் இல்லை.

அப்புறம் வந்த பெரிய டாக்டர் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். விரல்கள் திட்டுத்திட்டாக நீலம். பாதத்தில் நாடி மட்டும் நன்றாகத் துடித்தது. கிரியாட்டினினும் ஏறியிருந்தது.

"சமீபத்துல ஆஞ்சியோ பண்ணீங்களா?"

"பத்து நாளாச்சு சார், தொடை வழியா."

அதுவரை யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

வயதானவர்களின் மகாதமனிச் சுவரில் கொழுப்பு படிந்திருக்கும். குழாய் உரசும்போது எப்போதாவது அது உடைந்து, கொலஸ்ட்ரால் துகள்கள் ரத்தத்தோடு போய்ச் சின்னச் சின்னக் குழாய்களை அடைக்கும். கால் விரல், சிறுநீரகம், அபூர்வமாகக் கணையம். கணையத்துக்குப் பல கிளைகளிலிருந்து ரத்தம் வருவதால் சுலபத்தில் பட்டினி கிடக்காது. ரத்த அழுத்தம் ரொம்ப நேரம் படுத்துவிட்டாலோ, லூபஸ் மாதிரி வியாதியில் ரத்தக் குழாய்கள் வீங்கினாலோகூட இப்படி ஆகலாம். படிவு தானாகவும் வெடிக்கும். 1844-ல் கோபன்ஹேகன் நாடக அரங்கில் சரிந்து இறந்த சிற்பி தோர்வால்ட்சனின் இதயக் குழாயில் அப்படி ஒன்று வெடித்திருந்ததைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்தார்கள்.

துகளைக் கரைக்கத் தனி மருந்து கிடையாது. சலைன், வலி மருந்து, பொறுமை. மூன்று வாரத்தில் பெரியப்பா வீடு திரும்பினார்.

"மண்ணுல சுண்ணாம்புக் கல்லு ஒண்ணு கிடந்தா, சூளையிலேர்ந்து பொம்மை நல்லாத்தான் வரும் தம்பி. பத்து நாள் கழிச்சு ஈரம் குடிச்சு, ஊதி, தெறிக்கும். எல்லாரும் சூளைக்காரனைத்தான் திட்டுவாங்க" என்றார்.

இதைப் படித்துவிட்டு ஆஞ்சியோவுக்குப் பயப்படாதீர்கள். இது ரொம்ப அபூர்வம். அது காப்பாற்றும் உயிர்கள் ஏராளம். செய்துகொண்டு கொஞ்ச நாளில் எந்த உபாதைக்கு ஆஸ்பத்திரி போனாலும், கேட்காவிட்டாலும், அதைச் சொல்லிவிடுங்கள். வீட்டு மனுஷர் குடிக்கவில்லை என்றால் கொஞ்சம் நம்புங்கள்.

பெரியம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டீயை மட்டும் இப்போது கேட்காமலே கொண்டுவந்து வைக்கிறாள்.