விடைக்கு முந்திய வரிகள்

ஆனி மாதத்துச் சாரல் மேற்கு மலையைத் தாண்டி வந்து எங்கள் புளியறை வயல்களின்மீது விழத் தொடங்குகிற அதே நாட்களில்தான் பள்ளிக்கூடங்களும் திறக்கும் என்பதால், என் ஞாபகத்தில் பீஜகணிதம் என்று அப்போது வழங்கிய இயற்கணிதமும் ஈரமும் பிரிக்கமுடியாதபடி ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. 1957-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நனைந்த குடையைச் சுவரோரம் சாத்திவிட்டு, செங்கோட்டையிலிருந்த உயர்நிலைப் பள்ளியின் நான்காம் பாரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது உள்ளே வந்த கணக்கு வாத்தியார், ஒரு கணக்கும் போடாமல் அந்தப் பீரியடு முழுவதையும் நாங்கள் நோட்டு எழுதவேண்டிய முறையைச் சொல்வதிலேயே செலவிட்டார்.

வகுப்புக்கு ஒரு நோட்டு, வீட்டுப் பாடத்துக்கு ஒரு நோட்டு. இடப்புறம் கோடு போட்டுத் தேதி. தெரியாதது எதுவோ அதற்கு முதல் வரியிலேயே 'எக்ஸ் என்க' என்று பெயர் வைத்துவிட வேண்டும். ஒரு வரியில் ஒரு மாற்றத்துக்குமேல் செய்யக் கூடாது. சமக்குறிகள் தூக்குக்குண்டு பிடித்தாற்போல ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். பிழை நேர்ந்தால் அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு அடுத்த வரியில் திருத்த வேண்டும். கிடைத்த விடையை முதல் சமன்பாட்டிலேயே திரும்ப இட்டுப் பார்க்க வேண்டும். நாளுக்கு ஐந்து கணக்கு, வெள்ளிக்கிழமைதோறும் பரீட்சை. இவ்வளவுதான் அவர் எங்களிடம் எதிர்பார்த்தது.

இரண்டாவது வாரத்திலேயே நான் அதை மீறினேன். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடைகள் அச்சாகியிருந்தன. ஐந்தையும் பார்த்தெழுதிக்கொண்டு போனேன். ஐந்தும் சரியான விடைகள். அவர் கோபிக்கவில்லை, அடிக்கவுமில்லை. சிவப்பு மசியில் பெரிய பூஜ்யம் ஒன்றைப் போட்டு, பக்கத்தில் 'வழி எங்கே?' என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் ஐந்தையும் வரிவரியாக எழுதிச் சென்றபோது முழு மதிப்பெண்ணும் தந்தார். ஆனால் முந்திய நாள் பூஜ்யத்தை அவர் அடிக்கவில்லை, அது அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

பாஸ்கராசாரியார் 1150-ஐ ஒட்டி எழுதிய 'பீஜகணிதம்' என்ற நூலில் தெரியாத ராசிகளுக்கு 'யாவத் தாவத்', அதற்குமேல் வேண்டுமானால் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று வர்ணங்களின் பெயரை வைப்பார் என்பதைப் பிற்காலத்தில் படித்தபோது, அந்த முதல் வரியின் பெருமை எனக்கு விளங்கிற்று. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை, அது இன்னதென்று அறியுமுன்பே, பெயரிட்டு அழைத்து, அறிந்த பொருளைப்போலவே கூட்டியும் கழித்தும் நடத்துவதற்கு ஒரு துணிவு வேண்டியிருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அந்தத் துணிவை எதிர்பார்க்கிற பாடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதனால்தான் இப்போது கேட்கிற ஒரு யோசனை என்னை வருத்துகிறது. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தியின் கணிதப் புத்தகத்தில் எட்டு இயல்கள். பொதுத்தேர்வுக்கு 100 மதிப்பெண், தேற 35. வடிவியலில் ஒரு படமும் வரைபடத்தாளில் ஒரு வளைகோடும் சேர்ந்து பதினாறு மதிப்பெண் தந்துவிடுவதால், பின்தங்கிய பிள்ளைகளைப் பார்த்து, 'இவ்விரண்டையும் பழகிக்கொள், ஒரு மார்க் வினாக்களை உருப்போடு, இயற்கணிதத்தை விட்டுவிடு' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை எப்படியாவது தேறவேண்டும் என்ற கருணையால் சொல்லப்படுவதே ஆயினும், உன்னிடம் நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று அந்தக் குழந்தையின் முகத்துக்கு நேரே சொல்வதாக அல்லவா அது முடிகிறது? இறுதி விடை தவறினாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்ற ஏற்பாடு இன்று இருக்கிறது. அந்த நல்ல ஏற்பாட்டின் பலன் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களையே அதனிடமிருந்து விலக்கி வைப்பது நியாயமாகாது.

படிகள் எதற்கு என்பதை நான் கற்றது வகுப்பில் அன்று, எங்கள் வீட்டுத் திண்ணையில். முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. ஆனால் என் ஆச்சியோ, 1949-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு மறைந்துபோன சக்கரம் என்ற நாணயத்திலேயே இன்னும் கணக்கு வைத்திருந்தாள். அந்நாளில் விதைநெல்லுக்காக 114 சக்கரம் கைமாற்று வாங்கிய பக்கத்து வயல்காரர், இடையில் ஒரு ரூபாய் நாலணா தந்திருந்தார். மீதியைப் புதுக் காசில் தீர்க்க வந்தபோது இருவருக்கும் கணக்கு ஒவ்வவில்லை.

"ஏலே, நீ என்னமோ எழுத்துக் கணக்குல்லா படிக்கே, இதத் தீத்து வையி" என்றாள் ஆச்சி.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தரவேண்டிய நயா பைசா எக்ஸ் என்க என்று தொடங்கினேன். ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரமாகையால் 114 சக்கரம் நான்கு ரூபாய், அதாவது 400 நயா பைசா; ஒரு ரூபாய் நாலணா 125; ஆகவே எக்ஸோடு 125-ஐக் கூட்டினால் 400; எக்ஸ் 275. எழுத்தறியாத வயல்காரருக்காக ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்தேன். இரண்டாம் வரியில் ஆச்சி நிறுத்தினாள்.

"ரூவாய்க்கு இருபத்தெட்டுதாம்ல சக்கரம்."

அப்போதுதான் தெரிந்தது: அவள் சமஸ்தானத்து ரூபாயை நினைத்தாள், அவர் பிரிட்டிஷ் ரூபாயை நினைத்தார். இவ்வளவு நேரம் இருவரும் விடையைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தார்கள். வழி பிரிந்ததோ அந்த ஒரு வரியில். ஆச்சி சற்று யோசித்தாள். "வெள்ளக்காரன் ரூவாய்க்கு இருபத்தெட்டரதான். அது சரிதாம்" என்று ஒப்புக்கொண்டாள்.

"தம்பி, இன்னொருக்க மொதல்ல இருந்து வாசிங்க" என்றார் அவர். வாசித்தேன். இரண்டு ரூபாயும் எழுபத்தைந்து நயா பைசாவும் எண்ணி வைத்துவிட்டு, அந்தத் தாளைத் தரமுடியுமா என்று கேட்டு வாங்கி, நான்காக மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாரலில் தலைத்துண்டைப் போர்த்தபடி வரப்பில் இறங்கி நடந்தார்.