மலபார் பயணம் – 4: கரிப்பூர்க் குன்றடியில்

கோழிக்கோட்டிலிருந்து கொண்டோட்டி வரை பஸ்ஸில் வந்ததில் சொல்ல ஒன்றுமில்லை. மாப்பிளைப் பாட்டின் மகாகவி மோயின்குட்டி வைத்தியரின் ஊர் என்பதால் இறங்கினேன். ஆனால் இந்த வாரம் முழுக்க என் மனதை அடைத்துக்கொண்டிருப்பது அந்த ஊரில் கேட்ட ஒரு கதைதான்.

மதியம் ஒரு சின்ன ஹோட்டல். கேட்காமலே பதிமுகம் போட்ட வெந்நீர் வைத்தார்கள்; டம்ளர் பளிச்சென்றிருந்தது. நம் ஊர் ஹோட்டல்காரர்கள் இதையாவது கற்றுக்கொள்ளலாம். எதிரே பத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஆட்டோ ஓட்டுகிறவர். திருப்பூரில் ஆறு வருஷம் பேக்கரி வேலை பார்த்தவர் என்பதால் தமிழ் சரளமாக வந்தது. பேச்சின் நடுவே தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்ந்து வந்தது. பத்திரியைப் பிய்த்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. இரைச்சல் அடங்கிய பிறகே கை வாய்க்குப் போனது.

"எப்பவும் இப்படித்தானா இக்கா?" என்றேன்.

"மழை நாள்ல இன்னும் மோசம், சேச்சி."

2020 ஆகஸ்ட் 7. கொட்டும் மழை. கொரோனா காலத்தில் துபாயிலிருந்து ஊர் திரும்பியவர்களோடு வந்த விமானம், குன்றின் உச்சியைச் சமன்படுத்திப் போட்ட கரிப்பூர் விமான நிலைய ஓடுபாதையில் பாதித் தூரம் தாண்டித்தான் தரையைத் தொட்டது. பின்னாலிருந்து காற்று வேறு தள்ள, நிற்காமல் போய் விளிம்பைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. இருந்தவர்கள் 190 பேர். இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். 2010இல் மங்களூரில் 158 பேரைப் பலிகொண்டதும் இப்படி ஒரு குன்றின் மேல் இருக்கும் ஓடுபாதைதான்.

"இடி விழுந்துச்சுன்னு நினைச்சேன். ஓடிப் போனா பெட்ரோல் வாடை மூக்கை அடைக்குது. தீப்பிடிச்சா எல்லாரும் போயிருப்போம். யாரும் யோசிக்கலை."

அப்போது அந்தப் பகுதியே கொரோனா கட்டுப்பாட்டு மண்டலம். வாசலைத் தாண்டப் பயந்த ஜனங்கள், முகம் தெரியாதவர்களைத் தோளில் தூக்கி, கிடைத்த காரிலும் ஆட்டோவிலும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரவெல்லாம் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். பிறகு வாய் பேசாமல் வீட்டில் தனிமைப்பட்டுக் கிடந்தார்கள். பிழைத்தவர்கள் அதை மறக்கவில்லை. பணம் திரட்டி, அங்குள்ள சுகாதார நிலையத்துக்குக் கட்டடம் கட்டித்தர முன்வந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

ஆட்டோக்காரர் கையில் கிடைத்தது மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை. அழவே இல்லையாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாங்கியபோது சட்டைக் காலரை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. சொல்லும்போதே அவர் கை காலருக்குப் போனது.

பிறகு தன் ஆட்டோவிலேயே கூட்டிப்போய் அந்தச் சரிவின் அடியில் என்னை இறக்கிவிட்டார். அவர் இறங்கவில்லை. புல் மண்டிக்கிடந்தது, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் பணம் நீட்டினேன். வற்புறுத்திய பிறகு பாதி எடுத்துக்கொண்டார். கோழிக்கோட்டில் ஒரு ஆட்டோவுக்கு இரட்டிப்பாக அழுத எரிச்சலை அங்கேயே விட்டேன்.

"சேச்சி, பத்திரிகையில எழுதுவீங்கல்ல?" என்றார். "அந்தக் குழந்தை உம்மா கிட்ட சேர்ந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. யாராவது படிச்சா சொல்லட்டும்."