திருப்பிப் போட்ட கனெக்டர்

அந்த ஃபோல்டரின் பெயர் 'நியூ லைப்ரரி ஃபைனல் 2'. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதற்கு வயது ஆறு. ஓசூர் என்றாலே கன்னடத்தில் புது ஊர் என்றுதான் பொருள். ஊர் எவ்வளவு பழசானாலும் பெயரில் புதுசு. இந்த ஃபோல்டரும் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்த மென்பொருள்காரன் நான். ஒருகட்டத்தில் அலுத்துப்போய், ஓசூர் சிப்காட்டில் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஃபர்ம்வேர் எழுதச் சேர்ந்தேன். போர்டு வரைந்துகொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், "நீ ஈசிஇ தானேப்பா?" என்று அதையும் என் தலையில் கட்டினார்கள்.

அங்கே பயன்படுத்தியது கீகேட். 1992-ல் ழான் பியர் ஷாரா என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது, இலவசம். இதில் ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு உருவம் உண்டு. சர்க்யூட் படத்தில் வரும் குறியீடு ஒன்று, சிம்பல். போர்டில் அந்தப் பாகம் உட்காரும் செம்புத் தடம் இன்னொன்று, ஃபுட்பிரிண்ட். இரண்டையும் இணைப்பது பின் எண் மட்டும்தான். சிம்பலின் 1 ஃபுட்பிரிண்டின் 1-க்குப் போகும். அந்த எண் சரியா என்று மென்பொருளுக்குத் தெரியாது. வரைந்தவர் சொன்னதை அப்படியே நம்பும்.

பொதுவான பாகங்களுக்குக் கீகேட்டிலேயே லைப்ரரி இருக்கிறது. அதிலும் ஏமாற இடமுண்டு. 0603 என்ற பெயரில் இரண்டு அளவு இருக்கின்றன: அங்குலக் கணக்கில் 1.6-க்கு 0.8 மில்லிமீட்டர், மெட்ரிக் கணக்கில் 0.6-க்கு 0.3. அதனால்தான் கீகேட் தன் ரெசிஸ்டர் பெயரில் 0603-க்குப் பக்கத்திலேயே 1608 மெட்ரிக் என்றும் எழுதிவைக்கிறது. ஆனால் கனெக்டர், ரிலே என்று கம்பெனிக்கே உரிய பாகங்கள் சில இருக்கும். அவற்றை நாமேதான் வரைய வேண்டும். அப்படி வரைந்தவை அந்த ஃபோல்டரில் இருநூற்றுச் சொச்சம்.

ஒவ்வொன்றாக டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நாலு கால் கனெக்டர் ஒன்றில் எண்கள் தலைகீழாக இருந்தன. கேபிள் பக்க ஹவுஸிங்கை, அது பொருந்தும் முகத்திலிருந்து பார்த்துப் போட்ட படத்தை வைத்து வரைந்திருந்தார். போர்டு பக்கத்திலிருந்து பார்த்தால் அது கண்ணாடி பிம்பம். ஒன்றாம் காலில் 12 வோல்ட், நாலாம் காலில் கிரவுண்ட். மாறினால் கதை முடிந்தது. இத்தனை வருஷம் இது எப்படி ஓடியது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரு நிமிஷம்தான். பெயரை மாற்றாமல் அதே ஃபுட்பிரிண்டைத் திருத்திச் சேமித்தேன். அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அடுத்து வந்த புதுப் போர்டின் மாதிரியில் கனெக்டரை நானே சால்டர் செய்தேன். ஓடியது. 40 போர்டு லைனுக்குப் போனது. சோதனை மேஜையில் முதல் போர்டைச் செருகியதும் புகை.

எடுத்துப் பார்த்தால் கனெக்டர் திரும்பி இருந்தது. நாற்பதிலும். சூப்பர்வைசர் நேராக லைனுக்குப் போய் அக்காவைப் பிடித்துக் கத்தினார். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர், லைனில் மூத்தவர். எங்கள் எல்லோருக்கும் அக்கா. போர்டில் அவுட்லைன் அச்சாகி இருக்கிறதே, கண் தெரியவில்லையா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார்.

"அந்தக் கனெக்டரை எப்பவும் திருப்பித்தானே சார் போடுவோம்? பழைய சாருதான் சொன்னாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரைந்தவருக்குத் தன் தப்பு தெரிந்திருக்கிறது. நாலு துளையும் ஒரே வரிசையில் இருப்பதால் கனெக்டரைத் திருப்பிச் செருகினால் எண்கள் சரியாகிவிடும். ஃபைலைத் திருத்தாமல் லைனில் வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆறு வருஷமாக அந்த லைப்ரரியின் மிச்சப் பாதி அக்காவின் கையில் இருந்திருக்கிறது. நான் ஒரு பாதியை மட்டும் திருத்திவிட்டேன்.

இது புரிந்த பிறகும் நான் உடனே வாயைத் திறக்கவில்லை. என் திரையில் எல்லாம் சரியாக இருந்தது, டேட்டாஷீட் என் பக்கம். சூப்பர்வைசர் கத்திக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு "மாத்தினது நான்தான் சார், அவங்ககிட்ட சொல்லல" என்றேன். இன்றைக்கும் நினைவில் உறுத்துவது எரிந்த போர்டு இல்லை, அந்த ஐந்து நிமிஷம்தான். மீதி 39 கனெக்டர்களையும் அக்காவோடு உட்கார்ந்து கழற்றி மாட்டினேன்.

சிக்கல் அதோடு முடியவில்லை. கீகேட்டில் ஃபுட்பிரிண்டின் நகல் ஒவ்வொரு போர்டு ஃபைலுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். லைப்ரரியைத் திருத்தினாலும், நாமாகப் புதுப்பிக்கச் சொல்லாதவரை பழைய போர்டு பழையபடியே இருக்கும். அதாவது பழைய போர்டில் அக்கா செய்வது சரி, புதுசில் தப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர்!

அதற்குப் பிறகு சில வழக்கங்கள் வைத்துக்கொண்டேன். இருக்கும் பெயருக்குள் அர்த்தத்தை மாற்றுவதில்லை. திருத்தினால் புதுப் பெயர், பழையதற்குப் பக்கத்தில் 'புதிய போர்டில் பயன்படுத்தாதே' என்று ஒரு குறிப்பு. எந்தப் படத்தை, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தது என்பதும் உள்ளேயே எழுதப்படும். கீகேட் ஃபைல்கள் எழுத்து வடிவில் இருப்பதால் எல்லாம் கிட்டில் ஏறும். யார், என்றைக்கு, ஏன் மாற்றினார் என்று பார்க்கலாம். புது ஃபுட்பிரிண்டில் ஒன்றாம் காலுக்குப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளி. புள்ளி இருந்தால் அவுட்லைன்படி, இல்லாவிட்டால் திருப்பி. அக்காவுக்கு இது ஒரு தடவை சொன்னதும் போதுமாக இருந்தது.

கடைசி வழக்கம் கிட்டில் இல்லாதது. போர்டை அனுப்பும் முன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு லைனுக்குப் போவேன். முதல் தடவை போனபோது அக்கா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"இந்த ரிலேல மூணாவது காலை வெட்டிட்டுத்தான் சார் போடுவோம். அதாவது தெரியுமா?"

தெரியாது. நோட்டை எடுத்தேன்.